இது யாருடையது? – வீட்டு நினைவுப் பொருள்களும் நம் வகுப்பறையும்

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'வரலாறு என்றால் என்ன?' என்று ஒரு பாடம் உண்டு. கல்வெட்டு, நாணயம், ஓலைச்சுவடி, புழங்குபொருள் ஆகியவை வரலாற்றுச் சான்றுகள் என்று பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் 'சான்று' என்ற சொல் அவர்கள் மனத்தில் தங்க வேண்டுமானால், ஒரு பொருளைக் கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக ஆண்டுதோறும் ஒரு செயல்பாடு கொடுப்பது என் வழக்கம். "வீட்டில் இருக்கிற பழைய பொருள் ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டு எடுத்து வாருங்கள்" என்பேன். மறுநாள் என் மேசை ஒரு சிறு அருங்காட்சியகமாகிவிடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தச் செயல்பாட்டின்போது நான் செய்த ஒரு தவறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அன்று ஓட்டைக் காலணா வந்திருந்தது. மரக்கால், சிம்னி விளக்கு, வெற்றிலை இடிக்கும் சிற்றுரல் எல்லாம் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "எத்தனை வருசம் பழசு?" என்று கேட்டு, கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு சிறுமி மட்டும் சிவப்பு நிற பிளாஸ்டிக் சீப்பு ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற சீப்பு. வகுப்பே சிரித்தது. நானும், "சீப்பு எப்படிம்மா பழைய பொருளாகும்? நாளைக்கு வேற ஏதாவது பார்த்து எடுத்துட்டு வா" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சீப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் அவளை அழைத்துப்போக அவளுடைய ஆச்சி வந்திருந்தார். "வீட்டுல பழைய சாமான் எதுவும் இல்லையா ஆச்சி?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "அது இவ அம்மை தலை வாருன சீப்பு டீச்சர். அவ போயி ஒன்றரை வருசம் ஆச்சு. இவ அதத் தலைமாட்டுல வச்சிட்டுத்தான் தூங்குதா" என்றார்.

அந்தப் பிள்ளை அந்த ஆண்டுதான் எங்கள் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். தாய் இல்லை என்ற விவரம் சேர்க்கைப் படிவத்தில் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. அதற்கு முந்தைய வாரம் அதே வகுப்பில், கீழடியில் கிடைத்த யானைத் தந்தச் சீப்பைப் பற்றி வியந்து வியந்து பாடம் நடத்தியிருந்தேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ தலை வாரிய சீப்பு எனக்கு வரலாறாகத் தெரிந்தது. என் முன்னால் நின்ற பிள்ளையின் தாய் தலை வாரிய சீப்பு எனக்குச் சான்றாகத் தெரியவில்லை.

அன்று முதல் இறந்தவர்களின் நினைவாக நம் வீடுகளில் காக்கப்படும் பொருள்களைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். பெற்றோர்களிடமும் உறவினர்களிடமும் கேட்டேன். அறிந்தவற்றையும், அவற்றை வகுப்பறையில் எப்படிக் கையாளலாம் என்று கற்றுக்கொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சுவரில் இருக்கும் படம்

நினைவுப் பொருள் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சுவரில் மாட்டிய படம். சந்தன மாலை, நெற்றியில் ஒட்டிய பொட்டு, பக்கத்தில் சின்ன மின்விளக்கு, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். பல வீடுகளில் சாமி படங்களோடு சேர்க்காமல் தனியாக, தெற்குச் சுவரில் மாட்டுகிறார்கள். இறந்த முன்னோர் தென்திசையில் இருப்பதாகக் கருதுவது நம்மிடம் நெடுங்கால வழக்கம். திருவள்ளுவரும் இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் முதலாவதாகத் தென்புலத்தாரைத்தான் வைக்கிறார். ஆடி, தை அமாவாசைகளிலும் புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசையிலும் இந்தப் படத்தின் முன்தான் படையல் போடுகிறார்கள்.

ஆனால் படம் என்பது நம் வீடுகளுக்குப் புதிதாக வந்த பொருள். புகைப்படக் கலையை உலகம் அறிந்ததே 1839இல். நம் கிராமங்களில் ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு தலைமுறைக்கு முன்புகூடச் சிலரே. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று மறுத்த பெரியவர்களும் உண்டு. 1993 முதல் வழங்கப்பட்ட வாக்காளர் புகைப்பட அடையாள அட்டைதான் பல பாட்டிமார்களின் ஒரே படம். அவர்கள் இறந்த பிறகு அந்தச் சின்னஞ்சிறு படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து, பெரிதாக்கி, பட்டுச்சேலை வரைந்து, சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். பாட்டி வாழ்நாளில் உடுத்தாத பட்டு அது. "இந்தச் சேலை உண்மையில் பாட்டியிடம் இருந்ததா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரு சான்றை அப்படியே நம்பாமல் அது உருவான விதத்தையும் ஆராய வேண்டும் என்ற பாடம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

பெட்டியும் துணியும்

படம் வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? இதற்கு விடை என் வீட்டிலேயே இருந்தது. என் அப்பாவுக்கு ஓர் அக்கா. ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோனார். நான் பிறப்பதற்கு வெகுநாள் முன்பு நடந்தது. எங்கள் வீட்டுப் பூசை அறை மூலையில் மூடி போட்ட பனையோலைப் பெட்டி ஒன்று இருக்கும். கன்னிப் பெட்டி என்போம். அதற்குள் ஒரு பாவாடை, சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி. தை மாதத்தில் ஒரு நாள் பெட்டியைத் திறந்து, புதுத்துணி எடுத்து வைத்து, பொங்கலிட்டுக் கும்பிடுவார்கள். முந்தைய ஆண்டு வைத்த துணியைக் குடும்பத்தில் உள்ள பெண் குழந்தைக்குப் போட்டுவிடுவார்கள். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். "உங்க அத்தை போட வேண்டியது, அழுக்காக்காமப் போடு" என்று எங்கள் ஆச்சி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

திருமணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வீட்டில் வைத்து வணங்கும் இந்த வழக்கம் தென்மாவட்டங்களில் பல குடும்பங்களில் உண்டு. வட மாவட்டங்களில் பூவாடைக்காரி என்ற பெயரில் சுமங்கலியாக இறந்த பெண்களை வணங்குகிறார்கள். வீட்டில் திருமணம் போன்ற நல்ல காரியம் தொடங்கும் முன் புதுச்சேலை வைத்துப் படைக்கிறார்கள். வேறு சில சமூகங்களில் இதே நோக்கத்துடன் சுமங்கலிப் பிரார்த்தனை நடக்கிறது. பெயர் வேறு, முறை வேறு. ஆனால் எல்லாவற்றிலும் நடுவில் இருப்பது ஒரு துணிதான். இறந்தவருக்கென்று எடுத்த துணி, பிறகு உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் உடம்புக்கு வந்து சேர்கிறது.

வரலாறு கற்பிப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. என் அத்தைக்குப் படம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்காததால் பதிவேட்டிலும் பெயர் இல்லை. பிறப்பையும் இறப்பையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 1969இல்தான் வந்தது. அப்படி ஒரு சிறுமி வாழ்ந்தாள் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சான்று அந்த ஓலைப்பெட்டி. அரசர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஒன்பது வயதில் இறந்த ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அவள் குடும்பம் வைத்திருக்கும் ஆவணம் இதுதான்.

பெயர் வெட்டிய பாத்திரம்

மூன்றாவது வகை பாத்திரங்கள். பித்தளைக் குடம், வெண்கலப் பானை, எவர்சில்வர் தூக்கு இவற்றின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் சிறு உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் பெயர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அதற்கு மின்கருவி வந்துவிட்டது. திருமணச் சீராக வந்த பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரோ, பெண்ணின் பெயரோ இருக்கும். சொந்தக்காரர் இறந்த பின் அந்தப் பாத்திரம் மகளுக்கோ மருமகளுக்கோ போகிறது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. தினமும் சோறு வடிக்கும்போது அந்தப் பெயர் கண்ணில் படும்.

இந்தப் பாத்திரங்கள் தமிழ் ஆசிரியர்களுக்கும் பயன்படும். ஒரு மாணவன் தன் பூட்டியின் பெயர் வெட்டிய செம்பைக் கொண்டுவந்து, "டீச்சர், இதுல எழுத்து தப்பா இருக்கு" என்றான். பார்த்தால் 'ணா', 'லை' ஆகிய எழுத்துகள் பழைய வடிவில் இருந்தன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் பாடநூல்களிலும் அப்படித்தான் அச்சிட்டார்கள் என்று விளக்கினேன். அப்படியானால் அந்தச் செம்பில் பெயர் வெட்டியது ஏறக்குறைய எந்தக் காலம் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். "சீர்திருத்தம் வந்த பிறகும் பழக்கத்தில் பழையபடியே வெட்டியிருக்கலாமே" என்று ஒரு மாணவி மறுத்தாள். எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிக்கும் கல்வெட்டு அறிஞர்கள் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுதான்.

நகைகளின் கதை சற்று வேறு. எங்கள் பக்கத்து ஆச்சிமார் காதில் பாம்படம் தொங்கும். அவர்கள் காலத்துக்குப் பிறகு பெரும்பாலும் அதை உருக்கிப் பேத்திக்குச் சங்கிலியோ கம்மலோ செய்துவிடுகிறார்கள். பொருளின் உருவம் போய்விடுகிறது. ஆனாலும் "இது ஆச்சி பாம்படத்துப் பவுனு" என்ற பேச்சு தொடர்கிறது. இங்கே நினைவைத் தாங்கி நிற்பது பேச்சு மட்டும்தான். அதைச் சொல்ல ஆள் இல்லாத நாளில் அது வெறும் சங்கிலியாகிவிடும்.

எல்லா வீடும் ஒன்றுபோல் இல்லை

என் வகுப்பில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் வேதாகமத்தின் முதல் பக்கங்களில் பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்புத் தேதிகளைத் தலைமுறையாக எழுதி வருகிறார்கள். தாத்தா எழுதியது ஒரு கையெழுத்து, தாத்தா இறந்ததை எழுதியது அப்பாவின் கையெழுத்து என்று அந்தப் பக்கம் ஒரு குடும்ப வரலாறாகவே இருக்கும். நவம்பர் 2 அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் இறந்தவர் படத்தை மாட்டி மாலையிடும் வழக்கம் கிடையாது. அவர் ஓதிய திருக்குர்ஆன், தஸ்பீஹ் மணி, தொழுகை விரிப்பு இவற்றைப் பிள்ளைகள் எடுத்து வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே "தாத்தா படம் கொண்டு வா" என்று எல்லாரிடமும் பொதுவாகக் கேட்பது சரியாகாது.

எதையுமே வைத்துக்கொள்ளாத வீடுகளும் உண்டு. இறந்தவர் படுத்த பாயையும் தலையணையையும் உடுத்திய துணிகளையும் வீட்டில் வைக்கக்கூடாது என்று அப்புறப்படுத்திவிடுவது பல இடங்களில் வழக்கம். நோயில் இறந்திருந்தால் இன்னும் கவனமாக எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள். வாடகை வீடு மாறி மாறிப் பொருள்களைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். பொருள் இல்லை என்பதால் அந்த வீட்டில் நினைவு இல்லை என்று ஆகிவிடாது.

கல்லும் தாழியும்

இறந்தவர் நினைவைப் பொருளில் நிறுத்தும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதைப் பாடத்தோடு இணைக்கலாம். போரில் இறந்த வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழி எழுத்தில் பொறிப்புகள் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகல்லைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்பார்கள். அதில் வீரனோடு சேர்த்து, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் உருவமும் பெயரும் இருக்கின்றன. நாய்க்கும் பெயர் எழுதி வைத்த மக்கள் நம் மக்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆதிச்சநல்லூர் இன்னொரு செய்தியைச் சொல்கிறது. அங்கே இறந்தவர்களைத் தாழிகளில் வைத்து, அவர்கள் பயன்படுத்திய கலங்களையும் இரும்புக் கருவிகளையும் உடன் வைத்துப் புதைத்தார்கள். அலெக்சாண்டர் ரீ 1899இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கே நடத்திய அகழாய்வில் வெண்கலப் பொருள்களும் பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. 2023 முதல் அகழாய்வு நடந்த இடத்திலேயே காட்சிக்கூடம் இருக்கிறது. கண்ணாடித் தளத்தின் மேல் நின்று தாழிகளைக் குனிந்து பார்க்கலாம். மாணவர்களை அழைத்துச் சென்றபோது நான் கேட்ட கேள்வி: "இவர்கள் பொருளை இறந்தவரோடு அனுப்பிவிட்டார்கள். நம் வீட்டில் ஏன் எடுத்து வைத்துக்கொள்கிறோம்?" ஒரு மாணவன் சொன்ன பதில்: "அவங்க, செத்தவங்களுக்கு வேணும்னு நினைச்சாங்க. நாம, நமக்கு வேணும்னு நினைக்கோம்." இதைவிடச் சுருக்கமாக நான் விளக்கியிருக்க முடியாது.

அன்றாடப் பொருள்களிலும் சடங்குகளிலும் பண்பாட்டு வரலாற்றைத் தேடும் பார்வை வேண்டுமென்று நினைக்கும் ஆசிரியர்கள் தொ. பரமசிவன் எழுதிய 'பண்பாட்டு அசைவுகள்' நூலை அவசியம் வாசிக்கலாம்.

வகுப்பறையில் எப்படிச் செய்யலாம்?

சீப்புச் சம்பவத்துக்குப் பிறகு செயல்பாட்டை மாற்றி அமைத்தேன். இப்போது பின்பற்றும் முறை இது.

முதலில் ஆசிரியர் தன் பொருளைக் காட்ட வேண்டும். அந்த நிகழ்வுக்கு மறுநாள் என் அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அது ஓடாது. விற்றால் ஒன்றும் தேறாது. "இது எங்க அப்பா கட்டுன கடிகாரம். சாவி கொடுக்கிற சத்தம் கேட்டுத்தான் நாங்க காலையில எந்திரிப்போம். அப்பா இப்போ இல்லை. நேத்து நான் எத்தனை வருசம் பழசுன்னு கேட்டது தப்பு. இது யாருதுன்னு கேட்டிருக்கணும்" என்று சொன்னேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. அந்தச் சிறுமியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இரண்டாவதாக, பொருளைக் கொண்டுவரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பெரியவர்களிடம் கேட்டு வந்து சொல்லலாம். படமாக வரையலாம். பெட்டி, பூசைப் பொருள் போன்றவற்றை வீட்டைவிட்டு வெளியே எடுக்க மாட்டார்கள். அதை நாம் மதிக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஐந்து கேள்விகள்:

1. இது யாருடையது?
2. அவர் இதை எதற்குப் பயன்படுத்தினார்?
3. அவரிடமிருந்து இப்போது இருப்பவரிடம் எப்படி வந்தது?
4. வீட்டில் எங்கே இருக்கிறது? யார் பார்த்துக்கொள்கிறார்?
5. இதில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது எது? பிறர் சொல்லித் தெரிந்துகொண்டது எது?

ஐந்தாவது கேள்வி மிக முக்கியம். சீப்பில் பல் உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். யார் உடைத்தது என்பது சொன்னால்தான் தெரியும். தொல்பொருள் சான்றுக்கும் வாய்மொழிச் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஆறாம் வகுப்புப் பிள்ளை இந்த ஒரு கேள்வியிலேயே பிடித்துக்கொள்கிறது.

நான்காவதாக, அருங்காட்சியகத்தில் வைப்பதுபோல் நான்கு வரியில் ஒரு குறிப்பு அட்டை எழுதச் சொல்லலாம். மொழிப்பாடத்துக்கு இது நல்ல பயிற்சி. தோற்றம், மறைவு தேதிகளைக் கொண்டு வயதைக் கணக்கிடுவது கணக்குப் பாடத்துக்கு உதவும். பித்தளையில் ஏன் களிம்பு ஏறுகிறது, புளி போட்டுத் தேய்த்தால் ஏன் போகிறது என்பது அறிவியல். தொடக்க வகுப்புகளில் எழுதச் சொல்ல வேண்டாம். வட்டமாக உட்கார வைத்து, "எங்க வீட்டுல தாத்தாவோட பொருள்..." என்று சொல்ல விரும்புகிறவர்கள் மட்டும் சொன்னால் போதும்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

பெற்றோரை இழந்த குழந்தைகள் நம் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே சேர்க்கை விவரங்களைப் பார்த்தும், முந்தைய ஆசிரியரிடம் கேட்டும் தெரிந்துகொள்வது நல்லது. எப்படி இறந்தார் என்று வகுப்பில் எந்தக் குழந்தையிடமும் கேட்கக் கூடாது. குழந்தையே சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். "அழாதே" என்று சொல்வதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உதவும். "உங்க அம்மா சாமியாகிட்டாங்க" என்பதுபோல் நாமாக விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. அவரவர் வீட்டில் அவரவர் நம்பிக்கைப்படி சொல்லியிருப்பார்கள்.

தந்தை குடும்பத்தை விட்டுப் போன வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இந்தச் செயல்பாடு வேறு விதத்தில் வலிக்கும். ஆகவே இறந்தவர் பொருள் என்று குறுக்காமல், வீட்டில் யாரையாவது நினைவூட்டும் பொருள் என்று விரிவாகச் சொல்வதே நல்லது. வெளியூர் போன அண்ணனின் பம்பரமாகவும் அது இருக்கலாம். பேச விருப்பமில்லாத பிள்ளைக்குப் பிறர் சொல்வதைக் குறிப்பெடுக்கும் வேலை கொடுக்கலாம். மதிப்பெண் போட வேண்டாம். ஒரு குழந்தையின் துயரம் நம் கையை மீறியதாகத் தோன்றினால், பாதுகாவலரிடமும் தலைமையாசிரியரிடமும் பேசி, கல்வி உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098 வழியாக உதவி பெறலாம்.

பொருளைக் காப்பது

பிள்ளைகள் கேட்டு வீட்டில் போய்ச் சொல்லக்கூடிய சில எளிய வழிகளையும் கற்றுக்கொடுக்கிறேன். பழைய படத்தை வெயில் நேராகப் படும் சுவரிலும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரிலும் மாட்டக் கூடாது. கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்து எடுக்கக் கூடாது. பழைய படத்தை லேமினேட் செய்தால் பிறகு பிரிக்க முடியாமல் போகும். கைப்பேசியில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். படத்தில் இருப்பவர் பெயரைப் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதலாம். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். சேலையை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் நெடுநாள் இருந்தால் அந்த இடத்தில் இழை விட்டுப்போகும், சரிகையும் முறியும்.

எல்லாவற்றையும்விட எளிதான காரியம் ஒன்று இருக்கிறது. பொருளின் கதையைத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். கன்னிப் பெட்டியில் இருக்கும் என் அத்தைக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பார் என்று நான் ஆச்சியிடம் கேட்டதே இல்லை. ஆச்சி போய்விட்டார். பெட்டி இருக்கிறது. அதற்குமேல் சொல்ல யாரும் இல்லை. அந்த இழப்பு என் மாணவர்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

அந்தச் சீப்பு

நான் கடிகாரத்தைக் காட்டிய பிறகு மூன்று நாள் அந்தச் சிறுமி எதுவும் சொல்லவில்லை. நான்காம் நாள் மற்றவர்களின் குறிப்பு அட்டைகளோடு அவளுடையதும் மேசையில் இருந்தது. பக்கத்தில் சீப்பு. "இது எங்க அம்மா சீப்பு. ரெண்டு பல் இல்லை. அது நான் சின்னப் பிள்ளையில் கடிச்சு உடைச்சது. அம்மா அடிக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. நான் திருத்தவில்லை. வகுப்பில் அவளே வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிவப்புச் சீப்பை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்து, பத்திரமாக அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது அவள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அதன் பிறகு என் பாடக்குறிப்பேட்டில் அந்தச் செயல்பாட்டின் வாசகத்தை மாற்றி எழுதிவிட்டேன்: "உங்கள் வீட்டில் யாரையாவது நினைவூட்டும் பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள். அது பழையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கொண்டுவர வேண்டும் என்பதும் இல்லை."